இயந்திரம் பாடும் தமிழ்: வீட்டு ஒலிப்பதிவில் செயற்கைக் குரலைச் செம்மை செய்தல்

பாடுவதற்குக் குரல் வேண்டும். குரலுக்கு ஓர் உடல் வேண்டும் என்பது அண்மைக்காலம் வரை ஐயத்திற்கு இடமில்லாத செய்தியாக இருந்தது. இன்று நிலைமை வேறு. பாட்டின் வரிகளைத் தட்டச்சு செய்து, இன்ன தாளம், இன்ன இசைக்கருவி, பெண்குரல் எனக் குறித்துவிட்டால், சில நிமிடங்களில் முழுப்பாடலையும் பாடித் தருகின்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மாணவர்களின் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. ஒலிப்பதிவுக் கூடத்திற்கு வாடகை செலுத்தவும், பாடகர் ஒருவரை அமர்த்திக்கொள்ளவும் வசதியில்லாத இளைஞர் பலர், வீட்டில் ஒரு கணினியையும் ஒரு ஹெட்போனையும் வைத்துக்கொண்டு தம் பாடல்களுக்கு இக்குரல்களையே பயன்படுத்துகின்றனர். நம் துறையில் கவிதை எழுதும் மாணவர்களும் இதற்கு விலக்கல்லர்.

அவ்வாறு அமைந்த பாடல்களை நம்மிடம் கொண்டுவரும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே வினாவைத்தான் எழுப்புகின்றனர். “எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது ஐயா, ஆனாலும் மனிதர் பாடியதுபோல் இல்லையே, ஏன்?” விடையை அவர்கள் ஒலிக்கருவிகளில் தேடுகின்றனர். ஈக்குவலைசரைத் திருகுகின்றனர், எதிரொலியைக் கூட்டுகின்றனர், குரலை மூன்றாக அடுக்குகின்றனர். குறை மறைகிறதே தவிர நீங்குவதில்லை. ஒரு மாணவரின் பாட்டில் ‘பள்ளிக்கூட வாசல்’ என்று எழுதப்பட்டிருந்தது. இயந்திரமோ ‘பல்லிக்கூட வாசல்’ என்று உருக்கமாகப் பாடியது. எத்தனை எதிரொலி சேர்த்தாலும் பல்லி பள்ளியாகுமா?

இவ்வகைக் குரல்களில் நிறத்தின் குறையைவிட ஒலிப்பின் குறையே பெரிது. முன்னதைத் திருத்தக் கருவி உண்டு. பின்னதைக் கண்டறிய, தமிழ் ஒலிகளின் இயல்பு அறிந்த செவி வேண்டும். அச்செவியைப் பழக்குதற்குரிய செய்திகள் நம் இலக்கண நூல்களின் எழுத்ததிகாரத்திலேயே நிரம்பக் கிடக்கின்றன. இக்கருத்தை மையமாகக் கொண்டு, செய்முறையோடு இணைத்து ஆராய முற்படுவோம்.

இயந்திரம் பாடத் தொடங்கிய கதை

1961ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஐ.பி.எம். கணினி ஒன்று ‘டெய்சி பெல்’ எனும் ஆங்கிலப் பாட்டைப் பாடியது. ஜான் கெல்லி, கேரல் லாக்பாம் ஆகியோர் குரலையும், மேக்ஸ் மேத்யூஸ் பின்னணி இசையையும் அமைத்தனர். மனிதத் தொண்டை, வாய் ஆகியவற்றின் வடிவைக் கணக்காக மாற்றி, அக்கணக்கிலிருந்து ஒலியைப் பிறப்பித்த முயற்சி அது. அடுத்த பெரிய படி ஜப்பானில் நிகழ்ந்தது. யமஹா நிறுவனத்தின் ‘வோகலாய்டு’ 2004இல் விற்பனைக்கு வந்தது. அம்முறையில் அமைந்த ‘ஹட்சுனே மிகு’ எனும் குரல் 2007இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. உண்மையான ஒருவரின் குரலைச் சிறுசிறு ஒலித்துண்டுகளாகப் பதிவுசெய்து, பாட்டுக்கு வேண்டியவாறு ஒட்டித் தருவது இதன் முறை.

மொழியின் இயல்பு இங்கே குறுக்கிடுவது நோக்கற்பாலது. ஜப்பானிய மொழியில் பெரும்பாலான அசைகள் உயிரில் முடிவன. ஆகவே அம்மொழிக் குரலுக்கு ஏறத்தாழ 500 இணைப்பொலிகள் போதுமாயின; ஆங்கிலத்திற்கோ ஏறத்தாழ 2,500 வேண்டியிருந்தன. மெய்கள் ஒன்றோடொன்று மயங்கும் மொழியைப் பாடவைப்பது அத்துணை எளிதன்று. நம் மெய்ம்மயக்க விதிகளைப் படித்தவர்க்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

2016இல் டீப்மைண்ட் நிறுவனம் வெளியிட்ட ‘வேவ்நெட்’ ஒட்டுவேலையிலிருந்து விலகி, ஒலியலையையே புள்ளி புள்ளியாகக் கற்றுப் பிறப்பிக்கும் வழியைக் காட்டியது. இன்று வீடுகளில் பயன்படும் கருவிகள் பலவும் இத்தகைய கற்றல் முறையின் வழிவந்தவை. எழுத்தைக் கொடுத்தால் முழுப்பாட்டையே தருகின்ற சுனோ, யூடியோ போன்றவை ஒருவகை. ஒவ்வொரு சுரத்தையும் ஒவ்வோர் ஒலியனையும் நாமே குறித்துக் கொடுக்கும் ‘சிந்தசைசர் வி’ போன்றவை மற்றொரு வகை. ஒருவர் பாடியதை வேறொரு குரலாக மாற்றித் தருபவை மூன்றாம் வகை. திருத்தும் வழியும் வகைக்கேற்ப வேறுபடும்.

ஓர் எழுத்து, பல ஒலி

தமிழ் பாடும் இயந்திரத்தைச் சோதிக்க நாம் இரண்டு வரிகளை அமைத்து வைத்துள்ளோம். கவிநயம் கருதி எழுதப்பட்டவை அல்ல அவை. ஒலிகளைச் சோதிக்கவே எழுதப்பட்டவை.

குளக்கரை மரங்களே, பழங்கதை கூறுங்கள்;
முகில் வந்தபோது நீங்கள் ஏன் அழுதீர்கள்?

இவ்வரிகளில் வரும் ககரத்தை மட்டும் கவனிப்போம். ‘குளம்’ என்பதன் முதலில் அது வல்லோசையாக ஒலிக்கிறது. ‘க்க’ என இரட்டிக்குமிடத்துக் காற்று ஒரு கணம் முழுதும் அடைபட்டு வெடிக்கிறது. ‘மரங்களே’ என்பதில் ஙகரத்தை அடுத்துக் குரல்நாண் அதிர, ஒலிப்புடை ஒலியாக மாறுகிறது. ‘முகில்’ என்பதில் இரு உயிர்களுக்கிடையே நெகிழ்ந்து, ஹகரத்தை ஒத்த உரசொலியாகிறது. எழுத்து ஒன்று, ஒலி நான்கு. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலில் இம்மாற்றத்தைத் தனியே எடுத்து விளக்கியுள்ளார். நமக்கு இது விதியாகத் தெரிவதில்லை. சூழல் பார்த்து நாக்கு தானே மாறிக்கொள்கிறது. தமிழ்ப் பாடல்களைக் குறைவாகவே கேட்டுப் பழகிய கருவிக்கு அந்நாக்கு இல்லை. அது ‘முகில்’ என்பதை ‘முக்கில்’ எனக் கேட்குமாறு பாடிவிடுகிறது. ஆங்கிலப் பழக்கம் மிகுந்த கருவியாயின், சொல்முதல் ககரத்தோடும் பகரத்தோடும் ஒரு மூச்சுக்காற்றையும் சேர்த்து ஊதுகிறது. கேட்பவர்க்கு ‘ஏதோ அயல்நாட்டார் பாடுவதுபோல்’ தோன்றுவதற்கு இவ்வூதலே முதற்காரணம்.

இதற்கு என் செய்வது? பாட்டு வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதித் தருவோர் உளர். அவர்கள் எல்லாக் ககரத்திற்கும் ஒரே எழுத்தை இடுவதே வழக்கம். மாறாக, ஒலிப்புடை இடத்திற்கு அதற்குரிய எழுத்தையும், ‘முகில்’ போன்ற இடத்திற்கு ஹகரத்திற்குரிய எழுத்தையும் இட்டால் ஒலிப்பு உடனே சீர்ப்படுவதைக் காணலாம். தமிழ் எழுத்தில் கொடுப்பதே நல்லது என்று மொழிப்பற்றால் கூறத் தோன்றும். ஆயினும் இங்கே எழுத்து கண்ணுக்காக அன்று, கருவியின் காதுக்காக எழுதப்படுகிறது. கவிதையை நூலில் அச்சிடும்போது தமிழில் அச்சிட்டுக்கொள்ளலாம்.

ஒலியன்களை நாமே தேர்ந்தெடுக்கும் கருவிகளில் இன்னும் நுட்பமான வழி உண்டு. தமிழுக்கென அமையாத குரலைக் கொண்டு பாடவைக்க நேரும்போது மாணவர்கள் ஆங்கில ஒலியன்களையே நாடுகின்றனர். நம் செவிக்கு ஸ்பானிய ஒலியன்கள் தமிழுக்கு நெருங்கியனவாகப் படுகின்றன. அம்மொழியின் தகரம் நம்முடையதுபோல் பல்லில் பிறப்பது. சொல்முதல் வல்லொலிகளில் மூச்சு ஊதுவதில்லை. உயிர்களுக்கிடையே அதன் ஒலிப்புடை ஒலிகள் நெகிழ்ந்து ஒலிக்கின்றன. ‘பழங்கதை’யின் ஈற்றில் உள்ள ‘தை’ அம்முறையில் இயல்பாக வந்து விழுகிறது.

இனி லகர, ளகர, ழகரம். வலி, வளி, வழி எனப் பொருள் வேறுபடுத்தும் இம்மூன்றையும் இயந்திரம் ஒன்றாக்கிவிடுவது பெருங்குறை. (நம்மவருள் பலரும் அவ்வாறே பாடுகின்றனர் என்று யாரேனும் சொன்னால் மறுப்பதற்கில்லை.) தொல்காப்பியர் பிறப்பியலில் ழகரத்தை லகர ளகரங்களோடு வைக்கவில்லை என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. நாவின் விளிம்பு தடித்து ஒற்றுவதால் லகரமும் வருடுவதால் ளகரமும் பிறக்கும் என ஓரிடத்திலும், நுனிநா மேல்நோக்கி அண்ணத்தை வருட ரகரமும் ழகரமும் பிறக்கும் எனப் பிறிதோரிடத்திலும் கூறுகிறார். ழகரம் ரகரத்தின் உறவினம். இவ்வொரு குறிப்பே வீட்டு ஒலிப்பதிவாளர்க்குப் பெருந்துணையாகும். கருவியில் ழகரம் இல்லாதபோது லகர வகையை நாடாமல், அமெரிக்க ஆங்கிலத்தில் நா மடிந்து ஒலிக்கும் ரகரத்தை இட்டுப் பார்த்தால், ‘பழங்கதை’யும் ‘அழுதீர்கள்’ என்பதும் தமிழாகிவிடுகின்றன.

மாத்திரையும் இசையும்

குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என மாத்திரை கூறுவதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். இயந்திரக் குரலைத் திருத்த அமரும்போதுதான் அதன் பயன் முழுதும் விளங்குகிறது. மெட்டில் சுரம் நீளமாக அமைந்த இடத்தில் கருவி குறிலை நெடிலாக்குகிறது. சுரம் குறுகிய இடத்தில் இரட்டித்த மெய்யை ஒற்றையாக்குகிறது. ‘பட்டு’ என்பது ‘படு’ ஆகிறது. குற்றியலுகரமோ முழு உகரமாக இதழ் குவித்து ஒலிக்கப்படுகிறது. ‘வந்தபோது’ என்பதன் ஈற்றில் நாம் அரை மாத்திரையே கொள்கிறோம். இதழும் முழுதாகக் குவிவதில்லை. இயந்திரம் அதனை நீட்டிக் குவித்துப் பாடும்போது, சொல் முடிந்த பின்னும் ஏதோ தொங்கிக்கொண்டிருப்பது போன்ற உணர்வு எழுகிறது. ‘குளக்கரை’ என்பதில் ஐகாரம் குறுகுவதும் இவ்வாறே. கருவி அதனை இரண்டு மாத்திரை அளவிற்கு விரித்துவிடுகிறது.

பாட்டில் மாத்திரை கடப்பது இயல்புதானே என்று வினவலாம். அதனைத் தொல்காப்பியரே முன்னர் உணர்ந்துள்ளார். இசையோடு பொருந்துமிடத்து உயிர்கள் தம் அளவு கடந்து ஒலித்தலும், ஒற்றுகள் நீண்டு இசைத்தலும் உண்டு. அவை யாழ்நூலார் கூறும் முறையின என்பது நூன்மரபின் இறுதி நூற்பாவின் கருத்து. உயிர் நீளும் என்பதோடு நில்லாமல், ஒற்றும் நீளும் என்றது கருதத்தக்கது. நல்ல பாடகர் ‘மரம்’ எனப் பாடி நிறுத்தும்போது இதழை மூடிய பின்னும் மகரத்தில் சற்று நின்று இசையைத் தாங்குவார். இயந்திரம் பெரும்பாலும் உயிரை மட்டும் இழுத்து, மகரத்தைக் கடைசியில் வெட்டிப் போடுகிறது. சுரங்களைப் பிரித்து எழுதும் கருவியில் நீண்ட ஒரு சுரத்தை இரண்டாகப் பகுத்து, முற்பகுதியை உயிருக்கும் பிற்பகுதியை மெல்லின மெய்க்கும் கொடுத்தால் இக்குறை தீர்கிறது.

எந்த ஒற்றை நீட்டலாம் என்பதற்கும் வழிகாட்டல் உண்டு. ஒற்றளபெடை பெறும் எழுத்துகளை நன்னூலார் பதினொன்றாக வரையறுக்கையில் மெல்லினம் ஆறும் வ, ய, ல, ள என்னும் நான்கும் ஆய்தமும் கொண்டு, ரகர ழகரங்களை விடுத்தார். செயற்கைக் குரலில் ழகர ஒற்றை நீட்டிப் பார்த்தால் வண்டு இரைவது போன்ற ஓசையே மிஞ்சுகிறது. அங்கே முன்னுள்ள உயிரை நீட்டி, ழகரத்தை இறுதியில் தொட்டு விடுவதே முறை.

தாளத்தோடு பொருந்துவது பற்றியும் ஒன்று கூற வேண்டும். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்பது இலக்கணம். தேர்ந்த பாடகர் தாள அடி விழும் கணத்தில் உயிர் தொடங்குமாறு, மெய்யைச் சற்று முன்னரே ஒலித்துவிடுவர். கருவியில் எழுத்தின் தொடக்கத்தைத் தாளக்கோட்டில் சரியாக வைத்துவிட்டு, ‘பாட்டு பின்தங்குகிறதே’ என்று மயங்குவோர் பலர். எழுத்தைச் சிறிதளவு முன்னே நகர்த்திக் கேட்டால் மயக்கம் தீரும். மகரம், சகரம் போன்று நீளக்கூடிய மெய்களுக்கு நகர்த்தல் கூடுதலாகவும், வல்லெழுத்துக்குக் குறைவாகவும் வேண்டும்.

இரட்டித்த வல்லெழுத்து ஒற்றையாகிவிட்ட இடத்தில், வெடிப்புக்கு முன்னுள்ள புள்ளியில் ஒலியை வெட்டி, சிறிது மௌனத்தைச் செருகலாம். ஆயின் கருவி அதனை ஒலிப்புடை ஒலியாகவே பாடியிருந்தால் மௌனம் பயன்தராது. அவ்வடியை மீண்டும் பாடவைப்பதே வழி.

மூச்சும் வகையுளியும்

உயிருள்ள பாடகர் மூச்சு வாங்கியே தீர வேண்டும். வாங்கும் இடம் பொருளை ஒட்டி அமையும். கருவிகளுள் சில மூச்சே இல்லாமல் பாடுகின்றன. சில சொல்லின் நடுவே மூச்சு வாங்குகின்றன. யாப்பிலக்கணத்தில் சீர் நோக்கிச் சொல்லைப் பிளப்பதை வகையுளி என்போம். அலகிடும்போது அது ஒப்புக்கொள்ளப்படும். பாடும்போது ‘அழு’ என்று நிறுத்தி மூச்சு வாங்கி ‘தீர்கள்’ என்றால் கேட்கச் சகியாது. பாட்டு வரிகளைக் கொடுக்கும்போது மூச்சு வேண்டிய இடத்தில் வரியை முறிப்பதும் காற்புள்ளி இடுவதும் பெருமளவு பயன்தருகின்றன. எண்களை எழுத்தால் எழுதுவது இன்றியமையாதது. இலக்கத்தைக் கண்டதும் ஆங்கிலத்தில் எண்ணத் தொடங்கும் கருவியை நாம் கேட்டிருக்கிறோம்.

மூச்சே இல்லாத குரலாயின் மாணவர் தம் மூச்சொலியையே மைக்கில் பதிந்து, அடிகளின் தொடக்கத்தில் மெல்லச் சேர்க்கலாம். அடுத்து வரும் அடி உரக்கத் தொடங்குமாயின் மூச்சும் ஆழமாக இருத்தல் வேண்டும். மெல்லிய தொடக்கத்திற்கு ஆழ்ந்த மூச்சு பொருந்தாது.

பாடிக் கொடுத்துப் பெறுதல்

மேற்கூறியவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்துவது அரிய உழைப்பு. இதனினும் சிறந்த வழி ஒன்று உண்டு. திரைப்பட ஒலிப்பதிவில் ‘ட்ராக்’ பாடுவோர் என ஒரு மரபு நெடுங்காலமாக உள்ளது. முதன்மைப் பாடகர் வருமுன் ஒருவர் பாட்டைப் பாடி வைப்பார்; பாடகர் அதனைக் கேட்டுத் தம் குரலில் பாடுவார். அம்முறையையே இங்குக் கொள்ளலாம். மாணவர் தாமே பாடிப் பதிவு செய்து, குரல்மாற்றக் கருவி கொண்டு அதனை வேறு குரலாக்கலாம். 2023இல் பரவலான ‘ஆர்.வி.சி.’ எனும் திறந்த மென்பொருள் இவ்வகையினது. ழகரமும், குற்றியலுகரமும், அசைவுகளும், மூச்சும் பாடியவரிடமிருந்தே வருகின்றன. இயந்திரம் நிறத்தை மட்டும் மாற்றுகிறது. ‘எமக்குக் குரல் இனிமையில்லை’ என்று தயங்கும் மாணவர்க்கு இங்கே இனிமை தேவையில்லை; சுருதி விலகாமையும் திருந்திய ஒலிப்பும் போதும். தமிழ் இசையின் கமகங்களைக் கோடு வரைந்து கருவிக்குக் கற்பிப்பதைவிடப் பாடிக் காட்டுவது எளிது.

பதிவு தூயதாக இருத்தல் வேண்டும். மின்விசிறி ஓசையையும் அறையின் எதிரொலியையும் கருவி குரலின் பகுதியாகவே எண்ணி, கரகரப்பாக மாற்றித் தரும். விசிறியை நிறுத்தி, அலமாரித் துணிகளுக்கு நடுவிலோ கம்பளியைத் தொங்கவிட்டோ பாடுவது நலம். கோடைக்காலத்தில் இது ஒரு தவம்தான். ஆண் பாடியதைப் பெண்குரலாக மாற்றும்போது சுருதியைப் பெரும்பாலும் ஒரு ஸ்தாயி அளவு உயர்த்த வேண்டியிருக்கும்.

கருவிகளின் பங்கு

ஒலிப்பு செம்மையான பின்னரே ஒலிநிறம். முழுப்பாட்டாகக் கிடைத்திருப்பின் ‘டெமுக்ஸ்’ போன்ற மென்பொருளால் குரலைத் தனியே பிரித்தெடுக்கலாம். பிரித்த குரலில் கைத்தாளத்தின் மிச்சமும் எதிரொலியும் ஒட்டியிருக்கும். ஆகவே மேலும் எதிரொலி சேர்ப்பதில் கஞ்சத்தனம் காட்டுவதே நல்லது. ஈக்குவலைசரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை நீக்கலாம். 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் மந்தம் தேங்கியிருந்தால் இரண்டு மூன்று டெசிபெல் குறைக்கலாம். 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி பயின்ற பாடகர் குரலில் இயல்பாகவே எழுச்சி பெறுவது. அங்குச் சிறிது கூட்டினால் சொற்கள் முன்வரும், மிகுத்தால் செவியைக் குத்தும்.

10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒருவகை உலோகச் சலசலப்பு செயற்கைக் குரல்களில் அடிக்கடி கேட்கப்படுகிறது. கருவி ஒலியின் வலிமையைச் சரியாக ஊகித்தும், அலைகளின் கட்டத்தைச் சரியாக அமைக்காமையால் நேர்வது அது. அப்பகுதியை மெல்லத் தாழ்த்தி, ‘சாச்சுரேஷன்’ எனும் கருவியால் சிறிது வெம்மை ஊட்டினால் செவிக்கு அமைதி கிட்டும். சீறொலியைக் குறைக்கும் ‘டீ-எஸ்ஸர்’ கருவியை ஆங்கிலப் பாட்டுக்கு வைத்த அளவிலேயே வைக்கக் கூடாது என்பது நம் கருத்து. தமிழில் சீறொலி குறைவு. அளவு மிகுந்தால் சகரம் மழுங்கித் ‘சொல்’ என்பதே கேளாமற்போகும். கம்ப்ரஸரும் அவ்வாறே. இக்குரல்கள் ஏற்கெனவே அமுக்கப்பட்டு வருபவை. மீண்டும் அமுக்குவதைவிட, தணிந்த சொற்களைக் கையால் உயர்த்துவது மேல். எதிரொலி சேர்ப்பதாயின் அது தொடங்குமுன் 20 முதல் 40 மில்லிநொடி இடைவெளி விட்டால் மெய்யெழுத்துகள் நனையாமல் தெளிவாக நிற்கும்.

நாம் மிகவும் விரும்புவது வேறொரு முறை. இயந்திரக் குரலின் அடியில், ஏறத்தாழ 12 டெசிபெல் தணித்து, உண்மை மனிதர் ஒருவர் பாடிய அதே வரிகளைச் சேர்த்து வைப்பது. தனியாக அது கேட்பதில்லை. எடுத்துவிட்டால் மட்டும் இழப்புத் தெரிகிறது. மெய்யெழுத்துகளின் உயிர்ப்பு அங்கிருந்து வருகிறது.

யாருடைய குரல்?

குரலைச் செம்மையாக்கும் ஆர்வத்தில், புகழ்பெற்ற பாடகரின் குரலையே எடுத்துக்கொள்ளும் ஆசை மாணவர்க்கு எழுகிறது. பத்து நிமிட அளவிலான தூய பதிவு இருந்தால் ஒரு குரலைக் கற்றுக்கொள்ளும் கருவிகள் வந்துவிட்டமையால் இது எளிதாகவும் ஆகிவிட்டது. தமிழ்த் திரையிசையில் இதற்குரிய முன்மாதிரி கண்முன் உள்ளது. 2024இல் வெளிவந்த ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாடலில், மறைந்த பாடகர்களான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் ஏ.ஆர். ரகுமான் மீண்டும் ஒலிக்கச் செய்தார். அவர்தம் குடும்பத்தாரின் இசைவைப் பெற்று, உரிய ஊதியமும் அளிக்கப்பட்டதாக அவரே அறிவித்தார். அதே ஆண்டில் ‘தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்’ படத்திற்கு, மறைந்த பவதாரிணியின் குரலை அவர்தம் உடன்பிறந்தார் யுவன் சங்கர் ராஜா பயன்படுத்தினார்.

சாகுல் ஹமீது 1993இல் ‘திருடா திருடா’ படத்தில் பாடிய ‘ராசாத்தி’ பாடல் இசைக்கருவிகளின் துணையின்றி மனிதக் குரல்களாலேயே அமைந்தது. மண்ணின் கரகரப்பும் சொல்லின் அழுத்தமும் அக்குரலின் உயிர். செயற்கைக் குரலில் அந்நிறம் மீண்டது. அழுத்தம் எவ்வளவு மீண்டது என்பதில் கேட்டோர் கருத்து வேறுபடலாம். இரண்டு பாடலையும் அடுத்தடுத்துக் கேட்டு, சொல்முதல் வல்லெழுத்துகளை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பது மாணவர்க்கு நல்ல பயிற்சி.

இசைவு இன்றி எடுத்தால் அது குற்றமாகவும் கூடும். 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், அவர் குரலைச் செயற்கை முறையில் போலி செய்வதற்குப் பம்பாய் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சட்டத்தை விட்டாலும், வீட்டில் பாட்டமைக்கும் மாணவர்க்குப் பிறர் குரல் ஏன்? தம் தாயின் குரலை, நண்பரின் குரலை, அவரவர் இசைவோடு பதிந்து பயிற்றுவிக்கலாம். உறையில் ‘வழிகாட்டிக் குரல்’ எனப் பாடிக் கொடுத்தவர் பெயரையும், ‘குரல்வண்ணம்’ எனக் குரல் தந்தவர் பெயரையும் தனித்தனியே குறித்தல் வேண்டும். நம் துறை மாணவர்கள் இம்முறையைக் கடைப்பிடிக்கின்றனர்.

கேட்டெழுதும் தேர்வு

வேலை முடிந்ததா என்று எவ்வாறு அறிவது? பாட்டை எழுதியவர் செவியை நம்புதற்கில்லை; வரிகள் அவர் நெஞ்சில் உள்ளமையால், இயந்திரம் எதைப் பாடினாலும் அவருக்குச் சரியாகவே கேட்கும். வரிகளை முன்னர்க் கண்டிராத ஒருவரை அமரவைத்து, பின்னணி இசை இல்லாமல் குரலை மட்டும் ஒருமுறை ஒலிக்கச் செய்து, கேட்டதைத் தமிழில் எழுதச் சொல்ல வேண்டும். ஹெட்போனில் அன்று, கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில், தணிந்த ஓசையில். தொடக்கப்பள்ளி ஆசிரியர் நடத்தும் சொல்வதெழுதுதலே இது.

எழுதித் தந்த தாளை மூல வரிகளோடு ஒப்பிட்டுப் பிழைகளை இனம் பிரிக்கலாம். சொல்லே மாறியிருந்தால் அவ்வடியை மீண்டும் பாடவைக்க வேண்டும். சொல் சரியாக இருந்து, ஒரே எழுத்து பல இடங்களில் மாறியிருந்தால் ஒலியனை மாற்ற வேண்டும். அடியின் தொடக்க எழுத்துகள் மட்டும் விடுபட்டிருந்தால் மெய்யை முன்னே நகர்த்த வேண்டும். அடிகளின் ஈற்றெழுத்துகள் விடுபட்டிருந்தால் எதிரொலி மிகுந்துள்ளது என்று பொருள். எழுதியவர் ‘அழுதீர்கள்’ என்பதை எழுதிய பின் பேனாவை நிறுத்தி, ‘யார் அழுதது?’ என்று கேட்டால், அடுத்த வரியைப் பதிவு செய்யத் தொடங்கலாம்.